காது இருக்கிறதா என்று பாருங்கள்

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் இருக்கிறேன். பக்கத்து ஊர் பழைய ரெக்கார்டு கடையில் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லீ மார்கனின் ‘தி சைட்விண்டர்’ எல்.பி. கண்ணில் பட்டது. மோனோ. லேபிளில் ‘நியூயார்க் யு.எஸ்.ஏ.’ என்று இருக்கிறது. பாட்டு முடியும் இடத்தில் ‘வான் கெல்டர்’ என்ற முத்திரை இருக்கிறது, வேறு ஒன்றும் தெரியவில்லை. தட்டில் மெல்லிய கோடுகள். அட்டையின் அடியோரம் இரண்டு அங்குலம் பிரிந்திருக்கிறது. “முதல் அச்சு, புதுசு மாதிரி” என்று 150 டாலர் கேட்கிறார். வாங்கலாமா? அங்கேயே ஒரு பெட்டி நிறைய 78 ஆர்.பி.எம். தட்டுகள், தலா 2 டாலர். அவை தேறுமா?

பதில்: 150 கொடுக்காதீர்கள். ‘வேறு ஒன்றும் தெரியவில்லை’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, விலை அடிபடுவது அங்கேதான்.

பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும்வரை வழவழவென்று ஒரு வளையம் இருக்கும். ரெக்கார்டு பிரியர்கள் அதை டெட் வாக்ஸ் என்பார்கள். இந்த ஆல்பத்தை வெளியிட்ட ப்ளூ நோட் நிறுவனத்தின் பழைய தட்டுகளில் அந்த இடத்தில் சின்னதாக ஒரு காது வரைந்ததுபோல் ஒரு கீறல் தெரியும். உண்மையில் அது சாய்த்து எழுதிய ‘பி’ என்ற ஆங்கில எழுத்து. பிளாஸ்டிலைட் என்ற அச்சுத் தொழிற்சாலையின் அடையாளம். அந்தத் தொழிற்சாலை இருந்த நார்த் பிளெயின்ஃபீல்ட் உங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரம்தான். (எடிசன் 1877இல் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்த மென்லோ பார்க்கும் இன்று உங்கள் ஊருக்குள்தான் இருக்கிறது. ரெக்கார்டு வாங்க இதைவிடப் பொருத்தமான முகவரி ஏது?)

1966இல் ப்ளூ நோட்டை லிபர்ட்டி நிறுவனம் நடத்திக்கொண்டிருந்தது. பிளாஸ்டிலைட்டில் அச்சிடுவதும் அத்தோடு நின்றது. ஆனால் பழைய ‘நியூயார்க் யு.எஸ்.ஏ.’ லேபிள்கள் கட்டுக்கட்டாக மிச்சம் இருந்தன. தூக்கியா போடுவார்கள்? புதிதாக அச்சிட்ட தட்டுகளில் அவற்றையே ஒட்டித் தீர்த்தார்கள். லேபிள் பழையது, காது இல்லை என்றால் தட்டு அநேகமாக அந்த ரகம். உங்கள் தட்டும் அதுதான் என்று நினைக்கிறேன்.

வான் கெல்டர் முத்திரை இருக்கிறதே என்பீர்கள். ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் இந்த ஆல்பத்தை 1963 டிசம்பர் 21 அன்று எங்கிள்வுட் கிளிஃப்ஸில் பதிவு செய்து, தாய்த்தகட்டையும் அவரே வெட்டினார். அதிலிருந்து எடுத்த அதே உலோக அச்சுகளை லிபர்ட்டியும் பயன்படுத்தியதால் முத்திரையும் கூடவே வந்துவிடும். வெட்டியவர் யார் என்பதற்குத்தான் அது சாட்சி. அச்சிட்ட வருஷத்தைச் சொல்லாது. இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. சத்தம் பெரும்பாலும் முதல் அச்சுக்கு நெருக்கமாகவே இருக்கும். கேட்பதற்காக வாங்குகிறவருக்குக் காது இல்லாத தட்டு லாபம்தான், காது இல்லாத விலையில் கிடைத்தால்.

ஆனாலும் இன்னொரு முறை பாருங்கள். வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்துப் பிடித்து, இரண்டு பக்கமும் மெதுவாகச் சுற்றினால்தான் காது கண்ணில் படும். உள்ளுறையை நம்பவேண்டாம், அது கைமாறக்கூடியது. அட்டையும் அப்படியே. ஒருமுறை நான் அட்டையை மட்டும் பார்த்து 90 டாலர் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அட்டை அந்தக் காலத்தது, உள்ளே இருந்த தட்டு எழுபதுகளில் வந்த மறு அச்சு. கடையிலேயே உருவிப் பார்க்காதது என் பிழை.

அடுத்தது, ‘புதுசு மாதிரி’. பழைய ரெக்கார்டுகளைத் தரம் பிரிக்கும் கோல்ட்மைன் அளவுகோல்படி ‘நியர் மின்ட்’ (கிட்டத்தட்ட புதுசு) விலையில் பாதிதான் அடுத்த தரமான ‘விஜி பிளஸ்’ தட்டுக்கு. அதற்கும் கீழே, வெறும் ‘விஜி’ என்றால் கால்வாசி. கோடு தெரிகிற தட்டு நியர் மின்ட் ஆகாது, கடைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். நகத்தை வைத்து லேசாக வருடுங்கள். தட்டவில்லை என்றால் அது உறைக் காகிதம் உரசிய கோடு, பெரும்பாலும் காதில் விழாது. நகம் தட்டினால் ‘டிக் டிக்’ நிச்சயம். நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் சிலந்திக்கால் போலக் கோடுகள் நிறைய இருந்தால், ஓட்டை தேடித் தேடிப் பலமுறை போட்ட தட்டு என்று அர்த்தம்.

கண்ணுக்குத் தெரியாத தேய்மானம்தான் மோசம். அறுபதுகளின் கனத்த ஊசிகள் பள்ளத்தையே அரித்திருக்கும், மேலே பளபளவென்றுதான் இருக்கும். கடையில் பிளேயர் இருந்தால் போடச் சொல்லுங்கள். இந்த ஆல்பத்தில் தலைப்புப் பாட்டுதான் எதிர்பாராமல் ஹிட் ஆனது. முதல் பக்கத்தின் ஆரம்பத்தில் இருக்கிறது. பாதி வீடுகளில் அதை மட்டுமே தேய்த்திருப்பார்கள். அங்கே கேளுங்கள், பிறகு இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு. டிரம்பெட் உச்சத்துக்கு ஏறும்போது கரகரவென்று உடைந்தால் எவ்வளவு கழுவினாலும் போகாது, வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

விலைக்கு டிஸ்காக்ஸ் என்ற ரெக்கார்டு இணையதளத்தைப் பாருங்கள், ஆனால் விற்கக் கேட்கிற விலையை அல்ல, விற்றுப்போன விலையை. அதுவும் சரியான அச்சுக்கான பக்கத்தில். காதுள்ள தட்டின் விலையைக் காதில்லாத தட்டுக்குச் சொல்வது கடைகளில் சர்வசாதாரணம், பாதி நேரம் அவர்களுக்கே தெரியாது. அதனால் சண்டைக்குப் போகவேண்டாம். “இதில் பிளாஸ்டிலைட் குறி இல்லையே” என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். தெரிந்தவராக இருந்தால் விலை தானே இறங்கும். கூட இரண்டு எல்.பி. எடுத்து மொத்தமாகக் கேட்டால் இன்னும் இறங்கும். அட்டைப் பிரிவு, கோடுகள் எல்லாம் சேர்த்து நானாக இருந்தால் 70 வரை போவேன். தேடிப் பார்த்துக் காது கிடைத்துவிட்டால், ஒலியும் சுத்தமாக இருந்தால், 150 நியாயமான விலை, பேசாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

78 தட்டுகள்: உங்களிடம் 78 சுற்றும் பிளேயரும் அதற்கான தடித்த ஊசியும் இருந்தால் மட்டும். எல்.பி. ஊசி அந்த அகலமான பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து இரைச்சலைத்தான் வாசிக்கும். அந்தக் காலத்தில் லட்சக்கணக்கில் விற்ற நடனக்குழுப் பாட்டுகளுக்கு 2 டாலரே அதிகம். வாங்கினால் கழுவும்போது கவனம்: எல்.பி.க்குப் போடும் ஆல்கஹால் கலந்த திரவத்தை இதில் தொடவே கூடாது. இவை அரக்கில் செய்தவை. அந்த அரக்கு பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து கப்பலேறிப் போனதுதான். போர்க்காலத்தில் வரத்து குறையும் என்று பயந்து 1942இல் அமெரிக்க அரசு அதற்குக் கட்டுப்பாடே விதித்தது. ஆல்கஹால் பட்டால் அரக்கு கரைந்து பாட்டும் கூடவே போய்விடும். சொட்டு சோப்பு விட்ட டிஸ்டில்டு தண்ணீர், மெல்லிய துணி, லேபிள் நனையாமல். அவ்வளவு போதும்.