அம்மா கையிலிருந்து அந்தக் குச்சியை ஏன் வாங்கினீர்கள்?

கேள்வி: ஊட்டிப் பக்கம் அம்மா தனியாக இருந்து முட்டைகோஸ், தக்காளி நாற்று வளர்க்கிறார். மூட்டுவலி என்பதால் டைமர் வைத்த தெளிப்பான் பொருத்திக் கொடுத்தேன். தினமும் காலையில் மூங்கில் குச்சியால் நாற்றுகளைத் தடவிக்கொண்டிருப்பார், அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். இந்த முறை நட்டதெல்லாம் உறைபனியில் கருகிவிட்டது. மேலே மூட நல்ல வலை வாங்கி அனுப்பலாமா?
– ஒரு வாசகர், பொங்கோல், சிங்கப்பூர்

பதில்: வலைப் பேச்சு அப்புறம். போகிறபோக்கில் குச்சியைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே தம்பி, அதைச் சொல்லுங்கள். அம்மா பொழுதுபோகாமல் தடவினார் என்றா நினைத்தீர்கள்? காற்றோ கையோ தினமும் உரசினால் நாற்று நெடுநெடுவென்று ஓடாது, தண்டு குட்டையாகத் தடிக்கும். நெருக்கி விதைத்த நாற்றங்காலில் காற்று புகாது, அதற்குத்தான் குச்சி. இலை ஈரமாக இருக்கும்போது தடவினால் நோய் பரவும். பனி காய்ந்த பிறகுதான் செய்வாரா என்று கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றுதான் சொல்வார்.

தண்ணீரும் அப்படித்தான். நடவுக்கு முன்னால் ஒரு வாரம், பத்து நாள் தண்ணீரைக் குறைத்து, இலை லேசாகத் துவண்ட பிறகு விட்டால் முட்டைகோஸ் நாற்றின் வளர்ச்சி தணியும், இலையில் சர்க்கரை சேரும். சர்க்கரை கூடிய சாறு சீக்கிரம் உறையாது. கூடவே கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரும் பழகினால் இன்னும் நல்லது. டைமருக்கு மண் காய்ந்ததும் தெரியாது, இலை துவண்டதும் தெரியாது, வேளைக்கு ஊற்றும். அப்படி வளர்ந்த இளசைப் பனியில் நட்டால் கருகாமல் என்ன செய்யும்?

தக்காளி வேறு. 10 டிகிரிக்குக் கீழே போனாலே அடிபடும். எப்படிப் பழக்கினாலும் உறைபனியைத் தாங்காது. உறைபனி விழும் மாதங்களில் அதைத் திறந்தவெளியில் நடவே வேண்டாம்.

மூட்டு வலித்தால் வைத்தியம் பார்ப்பது பிள்ளையின் கடமை. உங்கள் கடிதத்தில் மருத்துவர் என்ற பேச்சே இல்லை. வலியை அப்படியே விட்டுவிட்டு வேலையைப் பறித்திருக்கிறீர்கள். தனியாக இருக்கும் மனுஷி காலையில் எழுந்து எதற்காக வெளியே வர வேண்டும், யோசித்தீர்களா? பொருள் வாங்கி அனுப்பினால் கடமை முடிந்தது என்று நினைக்கும் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இங்கிருந்து கோயம்புத்தூருக்கு நேர் விமானம் இருக்கிறது. டிசம்பர் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். முதலில் அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அப்புறம் டைமரைக் கழற்றிவிட்டு, இடுப்பு உயரத்துக்கு ஒரு மேசை அடித்து நாற்றுத் தட்டுகளை அதன்மேல் ஏற்றி வையுங்கள். அவர் குனியாமல் நின்றபடியே பார்த்துக்கொள்வார்.