3.42 ஆக்ஸிலை 4.10 ஆக மாற்ற வேண்டுமா? கொஞ்சம் பொறுங்கள்

டாலஸ் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருப்பது இது. 2016 ராம் 2500 பிக்கப் வாங்கியிருக்கிறார், பழைய வண்டி. கம்மின்ஸ் 6.7 டீசல், ஆறு கியர் ஆட்டோமேட்டிக், நான்கு சக்கர இயக்கம், ஆக்ஸில் ரேஷியோ 3.42. சாமான்களோடு 10,000 பவுண்டு வரும் ஃபிஃப்த் வீல் ட்ரெய்லரை (பிக்கப்பின் பின்தட்டில் மாட்டும் வகை) மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு கொலராடோ போகத் திட்டம். "3.42 சமவெளிக்குத்தான், 4.10 போடாமல் மலை ஏறினால் கியர் பெட்டி போய்விடும்" என்று கியர் கடைக்காரர் பயமுறுத்துகிறார். செலவோ ஆயிரக்கணக்கான டாலர். மாற்றலாமா?

வேண்டாம். உங்கள் வண்டிக்கு இந்தச் செலவு அவசியமே இல்லை.

ரேஷியோ என்றால் சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர் பெட்டியிலிருந்து ஆக்ஸிலுக்குப் போகும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதுதான். எண் கூடினால் இழுவை கூடும், இன்ஜினும் அதிகமாகச் சுழலும். இதுவரை கடைக்காரர் சொல்வது சரி. ஆனால் ஆக்ஸிலுக்கு முன்னால் ஒரு கியர் பெட்டி இருக்கிறதே, அதைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை. உங்கள் பெட்டியில் ஆறாவது கியர் 0.63, ஐந்தாவது 0.82, நான்காவது 1. கியரையும் ஆக்ஸிலையும் பெருக்கிப் பாருங்கள். 4.10 ஆக்ஸிலோடு ஆறாவது கியரில் வருவது 2.58. இப்போது உங்களிடம் இருக்கும் 3.42 ஆக்ஸிலோடு ஐந்தாவதில் வருவது 2.80. பணம் கொடுத்து வாங்கப்போகும் இழுவையைவிட அதிகமாகவே, ஒரு கியர் இறக்கினால் இலவசமாகக் கிடைக்கிறது! உங்கள் வண்டியோடு வந்த 33 அங்குல டயரில், மணிக்கு 65 மைல் போகும்போது ஐந்தாவது கியரில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 1,850 சுற்றில் ஓடும், அந்த டீசல் நன்றாக இழுக்கும் இடம் அது. ட்ரெய்லர் இழுக்கும்போது போட வேண்டிய டோ-ஹால் பொத்தானை அழுத்திவிட்டு, ஆறாவதுக்குப் போக விடாமல் கியர் தேர்வுப் பொத்தானால் பூட்டுங்கள், அவ்வளவுதான். 2020 முதல் வந்த செவ்ரொலே, ஜிஎம்சியின் கனரக டியூராமேக்ஸ் டீசல் பிக்கப்களில் பத்து கியர் பெட்டியோடு 3.42 ஆக்ஸிலைத்தான் பொருத்துகிறார்கள், அவையும் பெரிய ட்ரெய்லர்களை இழுக்கத்தான் செய்கின்றன.

4.10ஆல் உண்மையில் லாபம் முதல் கியரிலும் ரிவர்ஸிலும்தான், சுமார் 20 சதவீதம். மேட்டில் ட்ரெய்லரைப் பின்னால் தள்ளி நிறுத்துவதே உங்கள் தினசரி வேலை என்றால் யோசிக்கலாம். நீங்களோ விடுமுறைக்குப் போகிறவர்.

அப்புறம், ஐ-70 சாலையில் 11,000 அடிக்கு மேல் இருக்கும் ஐசனோவர் சுரங்கப்பாதைக்கு ஏறுவதைவிட அங்கிருந்து இறங்குவதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும், 7 சதவீதச் சரிவு வரும். புகை வெளியேறுவதைத் தடுத்து இன்ஜினாலேயே வேகத்தை அடக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, கியரையும் இறக்கிவிட்டுச் சரிவில் இறங்குங்கள். அதற்கும் ஆக்ஸில் மாற்றத் தேவையில்லை.

முக்கியமான விதிவிலக்கு ஒன்று உண்டு, டயர். பழைய வண்டி என்பதால் இதைக் கட்டாயம் பாருங்கள். முந்தைய உரிமையாளர் அழகுக்காக 37 அங்குல டயர் மாட்டியிருந்தால் உங்கள் 3.42 நடைமுறையில் 3.05 ஆகிவிடும், ஏனென்றால் பெரிய சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகிறது. ஸ்பீடோமீட்டரைத் திருத்தாமல் விட்டிருந்தால் அது 65 காட்டும்போது நீங்கள் உண்மையில் 72க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள். அந்த டயரோடு ஓட்டியே தீருவேன் என்றால் கியர் மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. 35 அங்குலம் என்றால் குறைவது சுமார் 6 சதவீதம்தான், விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால், கியரை மாற்றுவதைவிட டயரைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவதே மேல். செலவும் குறைவு, பிரேக்கும் நன்றாகப் பிடிக்கும்.

3.42 என்று யார் சொன்னார்கள், விற்ற டீலரா? அதை நம்பாதீர்கள். சமதரையில் சக்கரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, வண்டியை நேராக ஒரு முழுச் சுற்று உருட்டச் சொல்லி, ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவாக வர வேண்டும்.

இதையெல்லாம் மீறி மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், பின் ஆக்ஸிலை மட்டும் மலிவாக மாற்றித்தருகிறேன் என்கிறவரிடம் போகவே போகாதீர்கள். நான்கு சக்கர இயக்கத்தில் முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஃபோர் வீல் போட்ட அன்றைக்கே, முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மாட்டிக்கொண்டு நொறுங்கும். ஆக்ஸிலுக்குள் இருக்கும் புதுப் பல்சக்கரங்களான கிரவுனும் பினியனும் படிய முதல் 500 மைலுக்கு ட்ரெய்லர் மாட்டக் கூடாது, பிறகு ஆயிலை மாற்ற வேண்டும். பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் வேலையை முடித்துச் சாவியைக் கொடுக்கிற கடைகள் இதைச் சொல்வதில்லை.

இனி உங்கள் உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன், நீங்கள் கேட்காத பிரச்சினை. ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் மஞ்சள் நிற ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு எடை ஏற்றலாம் என்று அந்த ஒரு வண்டிக்கென்றே எழுதியிருக்கும். டீசல் 2500 பலவற்றில் அது 2,000 பவுண்டை ஒட்டித்தான் இருக்கும். ஃபிஃப்த் வீல் ட்ரெய்லரின் எடையில் 20 சதவீதம் அளவுக்கு வண்டியின் முதுகில் உட்காரும், உங்கள் கணக்கில் அதுவே 2,000. ஹிட்ச், மனைவி, பிள்ளைகள், தண்ணீர் கேன் எல்லாம் எங்கே போவது? விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் இழுவை எண் எல்லாம் எடை குறைந்த சின்ன கேபினும் அதற்கேற்ற ஆக்ஸிலும் உள்ள வண்டிக்கானது, நீங்கள் வாங்கியதற்கு அல்ல. வாங்குபவருக்கு மிகவும் தேவையான எண்ணைக் கதவிடுக்கில் ஒட்டிவிட்டு, தேவையில்லாததைப் பலகையில் எழுதுகிறார்கள். இவ்வளவு பெரிய ட்ரெய்லரை இழுக்க டெக்சஸில் சாதாரண உரிமமே போதும், எடை போட்டீர்களா என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு இது ஆத்திரமாகவே இருக்கிறது. கியரை மாற்றினாலும் அந்த ஸ்டிக்கர் எண் ஒரு பவுண்டுகூட ஏறாது, இழுவை வரம்பும் ஏறாது. 3.42க்கு நிறுவனம் கொடுத்த இழுவை வரம்பை அந்த ஆண்டின் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரக் ஸ்டாப்பில் கேட் (CAT) நிறுவனத்தின் எடைமேடை இருக்கும். ட்ரெய்லரை மாட்டி, எல்லோரும் ஏறி, டீசல் நிரப்பி ஒருமுறை அதில் நிறுத்துங்கள். முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், ட்ரெய்லர் என்று தனித்தனியாகச் சீட்டு வரும். வண்டியின் இரண்டு ஆக்ஸில் எடையையும் கூட்டினால் வண்டியின் மொத்த எடை வரம்பான 10,000 பவுண்டைத் தாண்டுகிறதா, பின் ஆக்ஸில் எடை கதவுச் சட்டத்தில் அதற்கென்று எழுதியிருக்கும் வரம்பை மீறுகிறதா என்று பாருங்கள். மீறினால் கியர் கடைக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தைப் போட்டு ட்ரெய்லரைச் சின்னதாக மாற்றுங்கள், அல்லது வண்டியை, அதிக எடை தாங்கும் ராம் 3500 ஆக மாற்றுங்கள்.