தெர்மகோல் மலையில் பிளாஸ்டர் பெயர்வது பற்றி

உங்கள் மாதிரி ரயில் அமைப்பின் தெர்மகோல் மலையில், பெயர்ந்த பூச்சை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, எலும்பு முறிவுக்குக் கட்டும் பிளாஸ்டர் பேண்டேஜைத் துண்டுகளாக நறுக்கி, நீரில் நனைத்து, ஒன்றின் மேல் ஒன்று பாதி படியுமாறு இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். காய்ந்ததும் பிளாஸ்டர் ஓடு ஓடாக உதிர்கிறது என்ற உங்கள் தொல்லை பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும்.

தெர்மகோலின் வழவழப்பில் வெறும் பிளாஸ்டர் ஆஃப் பாரிசுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை என்பதே காரணமாக இருக்கக்கூடும். பேண்டேஜின் வலைத்துணி பூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

எனினும், முதலில் மலை நிற்கும் பலகையின் ஒரு மூலையை மெல்லத் தூக்கிப் பாருங்கள். விரிசல் அகன்றால் குறை அடிச்சட்டத்தில்தான் இருக்கிறது. குறுக்குச் சட்டம் அடித்து அதை உறுதியாக்கிய பிறகே மலையைத் தொடுங்கள்.

நீங்கள் மாதிரியாகச் செய்வது நீலகிரி மலை ரயிலின் கல்லாறு–குன்னூர் பகுதி என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்குள்ள 12-க்கு 1 என்ற ஏற்றத்தை (12 அடி தூரத்துக்கு 1 அடி உயர்வு) அப்படியே வைத்தால், தண்டவாளங்களின் நடுவிலுள்ள பல்வரிசையைப் பிடித்து ஏறும் பற்சக்கரம் இல்லாத மாதிரி எஞ்சின் பெட்டிகளோடு வழுக்கும். ஆகவே பாதையைச் சற்றுத் தணித்து, செங்குத்தைப் பக்கத்துப் பாறைகளில் காட்டுவதே அழகாகவும் இருக்கும்.

வண்ணத்துக்கு நீரில் கரையும் அக்ரிலிக் மட்டுமே பயன்படுத்துங்கள். சாதாரண ஸ்பிரே பெயின்ட், பூச்சு மூடாத இடங்களில் தெர்மகோலைக் கரைத்துவிடும்.