‘ஒப்பந்தம் உங்கள் கணவரோடுதான்’ என்று மோட்டார் அறையைப் பூட்டிவிட்டார்கள்: என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 67. மதுரையில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் 2019 ஜூன் மாதம் முதல் குடியிருக்கிறோம். மாத வாடகை 6,500 ரூபாய், அட்வான்ஸ் 50,000 ரூபாய். குடிவந்தபோது 20 ரூபாய்ப் பத்திரத்தில் என் கணவர் பெயரில் 11 மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதினார்கள். பிறகு அதைப் புதுப்பிக்கவில்லை. நான்கு மாதங்களுக்கு முன் கணவர் இறந்துவிட்டார். நடக்க இயலாத மகனோடு இருக்கிறேன். வீட்டுக்காரரின் மகன், “ஒப்பந்தம் உங்கள் வீட்டுக்காரரோடுதான், உங்களோடு இல்லை, இந்த மாதமே காலி செய்யுங்கள்” என்கிறார். பத்து நாட்களாக மோட்டார் அறையைப் பூட்டி வைத்திருக்கிறார். தெருக்குழாயிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவருகிறேன். போலீஸை வைத்துக் காலி செய்ய வைப்பேன் என்றும் சொல்கிறார். எனக்கு ஏதாவது உரிமை இருக்கிறதா?

பதில்: அம்மா, முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்களைக் காலி செய்ய வைக்க அவருக்கு நியாயமான காரணம் இருக்கிறதா இல்லையா என்பது ஒரு கேள்வி. அதற்காகத் தண்ணீரை நிறுத்தலாமா என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு: நிறுத்தக் கூடாது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள, வீட்டு உரிமையாளர் மற்றும் வாடகைதாரரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, கழிவுநீர் வசதி போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் தானாகவோ வேறு ஆள் மூலமாகவோ தடுப்பதற்குத் தடை விதிக்கிறது. மீறினால் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். விசாரணை முடிவதற்கு முன்பே, வசதியைத் திரும்பக் கொடுக்கும்படி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. உங்கள் பகுதிக்கான அதிகாரி யார் என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

மனுவில் நீளமாக எழுத வேண்டாம். எந்தத் தேதியில் அறை பூட்டப்பட்டது, அதுவரை தண்ணீர் எப்படி வந்தது, நடக்க இயலாத மகன் வீட்டில் இருக்கிறார் என்ற மூன்றும் போதும். பூட்டு தெரியும்படி ஒரு புகைப்படமும், மகனின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகலும் வையுங்கள். அடுத்து மின்சாரத்தில் கைவைத்தாலும் இதே வழிதான். மின்சாரம் அடிப்படைத் தேவை என்றும், உரிமையாளர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு அதை மறுக்க முடியாது என்றும் 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இனி ‘ஒப்பந்தம் உங்களோடு இல்லை’ என்ற வாதத்துக்கு வருகிறேன். குடியிருப்பு வாடகையில் வாடகைதாரர் இறந்தால், கடைசிவரை அவரோடு அதே வீட்டில் வாழ்ந்த மனைவிக்கே முதலில் அந்த உரிமை வருகிறது. ஆகவே அவர் சொல்வது அப்படியே சரியல்ல. ஆனால் உங்களிடம் ஒன்றை மறைக்க நான் விரும்பவில்லை. அந்த உரிமை ஒப்பந்தத்தின் மீதிக் காலத்துக்குத்தான் வரும். உங்கள் ஒப்பந்தமோ 2020-லேயே முடிந்துவிட்டது. முடிந்த ஒப்பந்தம் பழைய நிபந்தனைகளோடு மாதா மாதம் நீடிப்பதாகக் கொள்ளச் சட்டம் இடம் தந்தாலும், அதற்கும் அதிகபட்சம் ஆறு மாதம் என்று எல்லை வைத்திருக்கிறது. போதாக்குறைக்கு, இந்தச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்திருக்க வேண்டிய ஒப்பந்தம் பதிவாகவும் இல்லை. ‘11 மாதம்தானே, பதிவு வேண்டியதில்லை’ என்று நம் ஊரில் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது பழைய பதிவுச் சட்டத்தை மட்டும் நினைவில் வைத்துச் சொல்வது. ஆக, காலமெல்லாம் அங்கேயே இருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று யாராவது வழக்கறிஞர் சொன்னால் நம்பாதீர்கள்.

உங்களுக்கு இருப்பது வேறொரு பாதுகாப்பு. வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட்டு, சட்டம் சொல்லும் காரணத்தை நிரூபித்து, உத்தரவு வாங்கினால்தான் உங்களை வெளியேற்ற முடியும். அதுவரை உரிமையாளருக்கோ அவர் மகனுக்கோ, போலீஸுக்கோ அந்த அதிகாரம் கிடையாது. காவல் நிலையத்துக்கு அழைத்தால் போங்கள், ஆனால் ‘இத்தனை தேதிக்குள் காலி செய்கிறேன்’ என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் மருத்துவமனைக்குப் போன நேரத்தில் வீட்டைப் பூட்டினாலோ பாத்திரங்களைத் தூக்கி வெளியே வைத்தாலோ, அன்றைக்கே புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் (Specific Relief Act) என்ற சட்டத்தின் 6-ஆவது பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டுச் சுவாதீனத்தைத் திரும்பக் கேட்கவும் முடியும். ரேஷன் அட்டை, எரிவாயு இணைப்பு ரசீது, ஆதார் முகவரி ஆகியவற்றை இப்போதே ஒரு பையில் போட்டு, வீட்டுக்கு வெளியே நம்பகமான ஒருவரிடம் நகல் கொடுத்து வையுங்கள்.

கணவர் இறந்த பிறகு வாடகையை யார் வாங்கினார், எப்படி வாங்கினார் என்று நீங்கள் எழுதவில்லை. வாடகை நோட்டில் அவர்கள் கையெழுத்துப் போட்டு உங்களிடம் வாங்கியிருந்தால் அந்தப் பக்கம் தங்கம் மாதிரி. உங்களை வாடகைதாரராக ஏற்றுக்கொண்டதற்கு அதுவே நல்ல அத்தாட்சி. இந்த இடத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். ‘அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று கோபத்தில் வாடகையை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு மாத பாக்கி சேர்ந்து, அறிவிப்பு வந்தும் கட்டவில்லை என்றால், காலி செய்யக் கேட்பதற்கு வலுவான காரணத்தை நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும். தண்ணீர் வராவிட்டாலும் வாடகையைக் கொடுங்கள். கையில் வாங்க மறுத்தால் மணியார்டர் அனுப்புங்கள். அது திரும்பி வந்தால் அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்திக்கொண்டு, வாடகை அதிகாரியிடம் தொகையைச் செலுத்த 14-ஆவது பிரிவில் வழி இருக்கிறது.

வழக்கறிஞர் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உதவி தருகிறது. உங்கள் வீட்டில் இரண்டு பேருமே அதில் வருகிறீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் பேசலாம். முதியோர் பராமரிப்புச் சட்டத்தில் மனுக் கொடுக்கச் சொல்லி யாராவது அனுப்பினால் போகாதீர்கள். அது பிள்ளைகளுக்கும் வாரிசு உறவினருக்கும் எதிரானது, வீட்டு உரிமையாளருக்கு எதிரானது அல்ல.

தண்ணீர் திரும்ப வந்த பிறகு, ஆணைக்குழு மூலமாகவே உரிமையாளரைச் சமரசத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள். வழக்குப் போட்டால் தாமதமாகும் என்பது அவருக்கும் தெரியும். கீழ்த்தளத்தில், படியில்லாத வாசலோடு, மகனுக்கு ஏற்ற வேறு வீடு தேட நான்கைந்து மாதம் கேளுங்கள். அதுவரை மோட்டார் அறைச் சாவி உங்களிடமும் ஒன்று இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் புது வீட்டுக்கும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டிய நிலையில் உள்ள நீங்கள், சாவியைக் கொடுக்கும் அன்றே அதை வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்று சமரசத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு மின் மீட்டர் அளவைப் படம் எடுத்து, சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் அவரை வைத்துக்கொண்டே காட்டி, வாடகை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘பாக்கி ஏதுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள்.