வீடு, மனைத் தரகர் பதிவுக்குப் பழைய வேலை அனுபவம் கைகொடுக்குமா?

சத்துவாச்சாரி வாசகர்: பத்திர எழுத்தரிடம் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்தேன், அய்யா. தரகர் உரிமத்துக்கு அது கணக்கில் வருமா?

பதில்: 2016 ரியல் எஸ்டேட் சட்டம் அனுபவ ஆண்டுகளைக் கேட்கவில்லை. தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பான் அட்டை, முகவரிச் சான்று முதலியவற்றுடன் விண்ணப்பித்துப் பதிவு பெற வேண்டும். ஆனால் நீங்கள் கற்ற வேலை வீண் என்று நினைத்துவிடாதீர்கள். உதாரணத்துக்கு, விற்க வரும் நிலத்துக்கு அண்ணன் பெயரில் மட்டும் பட்டா இருக்கும். மூலப்பத்திரத்தைப் புரட்டினால் நிலம் அப்பா பெயரில் வாங்கியதாக இருக்கும். தங்கைகளின் பாகம் என்ன ஆயிற்று? பதிவாகாத பாகப்பிரிவினை வில்லங்கச் சான்றில் வராது. வாரிசுச் சான்றை வாங்கிப் பார்க்கத் தோன்றுவது உங்களைப் போன்றவருக்குத்தான். முன்பணம் கைமாறும் முன்பே அதைக் கேட்கும் தரகர்கள் வேலூருக்கு நிறைய வேண்டும்.

ராணிப்பேட்டை வாசகர்: மனைப்பிரிவு நிறுவனம் ஒன்றுக்குக் கமிஷனுக்கு ஆள் பிடித்துத் தருகிறேன். தங்கள் பதிவு எண்ணே எனக்கும் போதும் என்கிறார்கள்.

பதில்: போதாது. அது மனைப்பிரிவின் எண். கமிஷன் வாங்கும் தரகருக்குத் தனி எண் வேண்டும். நீங்கள் முடிக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அதைக் குறிப்பிட வேண்டும். பதிவின்றித் தொழில் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அது மனை விலையில் 5 சதவீதம் வரை போகலாம். தயவுசெய்து முதலில் விண்ணப்பியுங்கள்.

காட்பாடி வாசகர்: தெரிந்தவரின் பழைய வீட்டை விற்றுத் தந்தால்?

பதில்: அதற்கு இந்தப் பதிவு தேவையில்லை. மனை, வீட்டுத் திட்டம் போட்டவர் விற்பவற்றுக்கு ஆள் பிடித்துத் தரும் தரகருக்குத்தான் அந்தக் கட்டாயம்.

ஆற்காடு வாசகர்: 10 சென்ட்டை நான்கு மனையாக்கி விற்கிறார் ஒருவர். அதற்கும் ஆணையப் பதிவு வேண்டுமா?

பதில்: 500 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய 12 சென்ட்டுக்கு, மேற்பட்ட திட்டத்துக்குத்தான் வேண்டும். மனை அங்கீகாரம் வேறு விஷயம்; அதைப் பார்க்காமல் யாரையும் கூட்டிப் போகாதீர்கள்.

குடியாத்தம் வாசகர்: மகள் கலிஃபோர்னியாவில் வீட்டுக்கடன் அதிகாரி. அங்கே தரகர் உரிமத்துக்கு அந்த வேலை செல்லுமா?

பதில்: அங்கே அனுபவத்துக்குக் கணக்கு உண்டு. கடைசி 5 ஆண்டுகளுக்குள் 2 ஆண்டு உரிமம் பெற்ற முழுநேர வீடு, மனை விற்பனையாளராக இருந்திருக்க வேண்டும், அல்லது அதற்கு இணையான அனுபவம் வேண்டும். வீட்டுக்கடனோடு நேரடியாகத் தொடர்புள்ள அதிகாரி வேலையை இணையாகக் காட்டலாம். அதோடு கல்லூரித் தரத்தில் 8 பாடங்கள் முடித்து, தேர்வில் 75 சதவீதம் எடுக்க வேண்டும். என்னென்ன வேலை பார்த்தார் என்று மேலதிகாரியிடம் இப்போதே விவரமாக எழுதி வாங்கச் சொல்லுங்கள். வேறு நிறுவனத்துக்கு மாறிய பிறகு அந்தக் கையெழுத்தைப் பெறுவது கடினம்.