கடைசி ஒரு மீட்டர்

வணக்கம். அப்பா வைத்திருந்த 486 கம்ப்யூட்டரையும் வெளி மோடத்தையும் தூசி தட்டி எடுத்தேன். இதே ஆர்வமுள்ள நண்பர் வீட்டு மோடத்துக்கு டயல் செய்து கோப்பு வாங்கப் பார்க்கிறேன். மோடம் மாட்டும் சீரியல் போர்ட்டின் வேகம் நொடிக்கு 57600 பிட். இணைப்பு வி.42 என்று காட்டுகிறது. ஆனால் சி.ஆர்.சி. பிழை (வந்த தரவு சரியா என்று பார்க்கும் கணக்கு ஒத்துவராதது) ஏறிக்கொண்டே போய்ப் பாதியில் நின்றுவிடுகிறது. டெலிபோன் லைன்தான் மோசம். கோப்பு அனுப்பும் முறைகளில் எக்ஸ்மோடமா, இசட்மோடமா, எது நல்லது?
ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

அப்பாவின் மிஷினைக் காயலான் கடைக்குப் போடாமல் வைத்திருக்கிறீர்களே, அதற்கே உங்களைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் ‘லைன்தான் மோசம்’ என்று எப்படி எழுதினீர்கள்? வி.42 என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியென்றால் லைனில் வரும் பிழையை இரண்டு மோடமும் தங்களுக்குள் திருத்திக்கொள்கின்றன. பைட்டுகள் ஊரைத் தாண்டி உங்கள் மேசைவரை பத்திரமாக வந்துவிட்டன. தொலைவது மோடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே, அந்தக் கடைசி ஒரு மீட்டரில்.

சீரியல் போர்ட்டில் 8250 அல்லது 16450 சிப் இருந்தால், வந்த பைட் ஒன்றைத்தான் அதனால் வைத்திருக்க முடியும். 57600-இல் சுமார் 174 மைக்ரோ செகண்டுக்கு ஒரு பைட் வரும். ஹார்ட் டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும் பிராசஸர் அதற்குள் திரும்பிப் பார்க்காவிட்டால், அடுத்த பைட் முந்தையதை அழித்துவிடும். 16550ஏ சிப்பில் 16 பைட் வரிசை உண்டு. அந்த அவகாசமே போதும்.

இது தெரியாமல் சென்னையில் ஒரு மாதம் லைன்மேனைப் படுத்தி எடுத்தேன். மோடத்தில் டயல் செய்து நுழையும், எழுத்து மட்டுமே தெரியும் இணையக் கணக்கான ஷெல் கணக்கில் இரவெல்லாம் உட்கார்ந்து கோப்பு இறக்குவேன், பாதியில் அறுந்துபோகும். அவர் மூன்று முறை வந்தார், கம்பி மாற்றினார், கருவியை மாற்றினார். “சார், பேச்சு கணீர்னு கேக்குது, என்ன குறைனு சொல்றீங்க?” என்றார். வயதான மனிதர், வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவர். அவரிடம் சத்தம் போட்டேன். அப்புறம் ரிட்சி தெருவில் 16550ஏ உள்ள கார்டு வாங்கிப் போட்டேன், அன்றிரவே கோப்பு முழுசாக இறங்கியது. லைன் அதேதான். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன்.

எக்ஸ்மோடமா, இசட்மோடமா? 1977-இல் வார்டு கிறிஸ்டென்சன் எழுதிய எக்ஸ்மோடம் 128 பைட் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்து நிற்கும். 1986-இல் சக் ஃபோர்ஸ்பெர்க் எழுதிய இசட்மோடம் நிற்காமல் அனுப்பும், அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இசட்மோடமே போதும். மோடமும் கம்ப்யூட்டரும் ‘நிறுத்து, அனுப்பு’ என்று சொல்லிக்கொள்ள, தனிக் கம்பி வழியாகப் பேசும் ஆர்.டி.எஸ்./சி.டி.எஸ். போட்டுக்கொள்ளுங்கள், தரவோடு கலந்து வரும் எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் வேண்டாம்.

ஆனால் முதலில் டாஸில், கம்ப்யூட்டருக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும் எம்.எஸ்.டி. புரோகிராமை ஓட்டி, காம் போர்ட்டில் (அதுதான் சீரியல் போர்ட்) எந்த சிப் என்று பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.