அப்பாவுக்கு ஜூனியரின் நம்பர்

கேள்வி: எனக்கு வயது 38, சொந்த ஊர் தூத்துக்குடி. மும்பையில் துறைமுக மேம்பாடு, வெளிநாட்டு வர்த்தக ஆலோசனை செய்யும் நிறுவனத்தில் இருக்கிறேன். தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகத்தில் 3 வருட ஒப்பந்த வேலை வந்திருக்கிறது. அப்பாவுக்கு 72, அம்மா இல்லை. அப்பா இன்னும் சின்னதாகக் கிளியரிங் ஆபீஸ் நடத்துகிறார், இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. பெரும்பாலும் தான்சானியா முந்திரிக்கொட்டைதான். சுங்க வேலை ஆன்லைன் ஆனதிலிருந்து சந்தேகம் கேட்டு அடிக்கடி போன் செய்வார். எனக்கு ஓயாத மீட்டிங், அதனால் ஆபீஸ் ஜூனியரின் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். பையன் பொறுமைசாலி, சில நாள் அரை மணி நேரம்கூட அவருடன் பேசுகிறான். நான் கிளம்பினால் அப்பாவைக் கைவிட்டதாக ஊர் பேசுமோ? போகலாமா?
- பெயர் வேண்டாம், மும்பை

பதில்: போகலாமா என்று எனக்கு எழுதுகிறவர்கள் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள். நீங்களும் போவீர்கள். ஊரும் பேசும், ஒரு இரண்டு மாதம். அதை விடுங்கள்.

அந்த ஜூனியர் விஷயத்துக்கு வருகிறேன். மீட்டிங், அதனால் நம்பரைக் கொடுத்திருக்கிறேன் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். பெற்ற அப்பாவைக் கஸ்டமர் கேருக்கு மாற்றி விட்டிருக்கிறீர்கள், தம்பி. தான்சானியா போனால் நடக்குமோ என்று பயப்படுகிறீர்களே, அது மும்பையில் இருக்கும்போதே நடந்தாகிவிட்டது. வயதான அப்பா போன் செய்தால் மகன் எடுக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

அவருக்கு ஏன் சந்தேகம் வருகிறது என்று யோசித்தீர்களா? முன்பெல்லாம் பில் ஆஃப் என்ட்ரியில், அதாவது சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதிப் படிவத்தில், சிக்கல் என்றால் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுங்க அலுவலகப் படியேறி, அதிகாரி முன்னால் நின்று விளக்கிவிட்டு வரலாம். 2020-ல் ஃபேஸ்லெஸ் அசெஸ்மென்ட் வந்தது. தூத்துக்குடியில் இறங்கிய சரக்கின் தாளை வேறு ஏதோ ஊரில் ஒரு அதிகாரி திரையில் பார்த்துக் கேள்வி போடுகிறார். நல்ல நோக்கம்தான். ஆனால் காலமெல்லாம் முகம் பார்த்துப் பேசியே பிழைத்த மனிதர், இப்போது முகமே தெரியாத ஒருவருக்கு டைப் அடித்துப் பதில் சொல்ல வேண்டும். அதை யாரிடம் கேட்பார்? துறைமுகத்தைக் கரைத்துக் குடித்த மகன் இருக்கும்போது?

சரி, பாசத்தை ஒதுக்கிவிட்டுத் தொழிலாகவே பார்ப்போம். இலங்கையின் அம்பாந்தோட்டையில் கிழக்கு மேற்குக் கப்பல் பாதைக்குக் கூப்பிடு தூரத்தில் துறைமுகம் கட்டி, 2010-ல் திறந்தார்கள். சரக்குக் கப்பல்கள் அதைப் பார்த்துக்கொண்டே கொழும்புக்குப் போயின. 2017-ல் சீன நிறுவனத்துக்கு 99 வருடக் குத்தகை. கொச்சியில் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையம் 2011-ல் வந்தபோது கொழும்புக்குப் போகும் நம் கன்டெய்னர் பெட்டிகளெல்லாம் இனி இங்கேதான் என்றார்கள். தூத்துக்குடிப் பெட்டிகள் பல இன்றும் ஃபீடர் என்கிற சின்னக் கப்பலில் கொழும்பு போய்த்தான் தூர தேசம் போகும் பெரிய தாய்க்கப்பல் ஏறுகின்றன. கடலின் ஆழமும் கிரேன் கணக்கும் உங்கள் அறிக்கையில் இருக்கும். வாரத்துக்கு எத்தனை கப்பல் நிஜமாக வருகிறது, பெட்டி எத்தனை நாள் யார்டில் கிடக்கிறது, அப்படிக் கிடப்பதற்கான டெமரேஜ் அபராதம் யார் தலையில் விழுகிறது என்பதெல்லாம் கேட் வாசலில் நிற்கிற ஆளுக்குத்தான் தெரியும். அப்படிப்பட்ட ஒரு ஆள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். அவரை ஜூனியரிடம் தள்ளிவிட்டீர்கள்.

அதுவும் எந்த நாட்டுச் சரக்கு! நீங்கள் போகப்போகிற நாட்டுச் சரக்கேதான், கடிதத்தில் அரை வரியில் முடித்துவிட்டீர்கள். தார் எஸ் சலாமில் துபாயின் துறைமுக நிறுவனமான டிபி வேர்ல்டு 2023-ல் 30 வருட ஒப்பந்தம் போட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த நாட்டின் தெற்கே ம்த்வாரா துறைமுகத்தில் ஏற்றிய கொட்டை மூட்டை இங்கே ஈரத்தோடு வந்து இறங்கினால் என்ன செய்வது, பெட்டி வந்து தாள் வராவிட்டால் யாரைப் பிடிப்பது? 2018 நவம்பரில் விலைத் தகராறு முற்றி அப்போதைய தான்சானிய அதிபர் மகுஃபுலி ராணுவத்தை விட்டே முந்திரியைக் கொள்முதல் செய்தாரே, அந்த சீசனில் இந்தக் கரையில் கிளியரிங் ஆபீஸ்காரர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? உங்கள் நிறுவனத்தில் யாரிடம் கேட்பீர்கள்? அப்பாவிடம் இதுவரை ஒரு கேள்வியாவது கேட்டிருக்கிறீர்களா?

போங்கள், நல்ல வேலை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் மூன்று வாரம் லீவ் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய் அப்பா ஆபீஸில் உட்காருங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் டைப் அடியுங்கள். இதைத் தியாகம் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டாம், மகன் செய்கிற வேலைதான். அப்புறம், தான்சானியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே ஒன்பதரை என்றால் அங்கே காலை ஏழு. அந்த நேரத்தில் மீட்டிங் என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

கடைசியாக, அந்த ஜூனியர் பையனைத் தனியாகக் கூப்பிடுங்கள். ஒரு சுங்கக் கேள்விக்குப் பதில் சொல்ல ஐந்து நிமிடம் போதும். மீதி இருபத்தைந்து நிமிடம் அப்பா என்ன பேசினார் என்று கேளுங்கள். சொல்லச் சங்கடப்படுவான். விடாமல் கேளுங்கள்.